பெரிய வெள்ளி ஆசந்தி

1994 பிப்ரவரி 16, திருநீற்றுப் புதன்

மண்ணிலிருந்து வந்தாய், மண்ணுக்கே போவாய் என்று எல்லார் நெற்றியிலும் சாம்பல் பூசிவிட்டு அங்கியைக் கழற்றக்கூட இல்லை, கோயில் வாசலில் ஒருவன் இன்னொருவனை மண்ணில் தள்ளி மிதித்துக்கொண்டிருந்தான். சங்குமுனைக்குப் பங்குச்சாமியாக வந்து நான்கு வருடம் ஆகிறது. இந்த ஊர் ஒரு விரதத்தையாவது அடிதடி இல்லாமல் தொடங்கிப் பார்த்ததில்லை.

லாஞ்சுக்காரனுக்கும் வள்ளக்காரனுக்கும் சண்டை. தெற்குத்தெருவின் விசைப்படகுகளான லாஞ்சுகள் கரையை ஒட்டி வந்து வலை இழுக்கின்றன, வடக்குத்தெரு வள்ளக்காரர்களின் வலை அறுந்து போகிறது. இன்று மிதிபட்டவன் வடக்குத்தெரு கித்தேரியான். மிதித்தவன் லாஞ்சு முதலாளி ரெமிஜியுஸின் தம்பி கஸ்பார். நான் போய் கஸ்பாரின் முடியைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேர் நெற்றியிலும் நான் பூசிய சாம்பல் அப்படியே இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் இருவருக்கும் ஆளுக்கொன்று வைத்தேன்.

ஆயர் இல்லத்திலிருந்து தகவல் வந்திருக்கிறது. எனக்கு உதவிக்கு ஒரு இளம் சாமியாரை அனுப்புகிறார்களாம். நான் கேட்டேனா?

பிப்ரவரி 21

வந்துவிட்டார். பெயர் கஸ்மீர். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கையில் ஒரு பை, தலையில் ஆர்மோனியப் பெட்டி. சாமியார் வந்திருக்கிறாரா, கச்சேரிக்காரர் வந்திருக்கிறாரா என்று குசினிக்காரி பிலோமி கேட்டாள். எனக்கும் அதே சந்தேகம்தான்.

குளிக்கும்போது பாடுகிறார். சாப்பிடும்போது மேசையில் தாளம் போடுகிறார். மீன் தலையை நான் தின்பதில்லை, அதனால் அவர் தட்டில் போடச் சொன்னேன். வேறு காரணம் இல்லை.

மார்ச் 2

பெரிய வெள்ளிக்குப் பாட ஒரு குழு வேண்டுமாம். இரண்டு தெருவிலிருந்தும் ஆண்களைச் சேர்த்து மாதாவின் புலம்பலைப் பாடவைக்கப் போகிறாராம். சிரித்தேன். சிரித்து முடித்ததும் இந்த ஊர் வழக்கத்தை அவருக்கு எடுத்துச் சொன்னேன்.

இங்கே பெரிய வெள்ளியன்று மாலை சிலுவையிலிருந்து ஆண்டவரின் மரச் சுருபத்தை இறக்கி ஆசந்தியில் கிடத்துவார்கள். ஆசந்தி என்றால் பாடைதான், தேக்கில் செய்தது. மேலே முகம் முதல் கால் வரை வெள்ளைப் பட்டு மூடியிருக்கும். வடக்குத்தெருவில் மூன்று குடும்பம், தெற்குத்தெருவில் மூன்று குடும்பம், வீட்டுக்கு ஒரு தோள். மேலே சட்டை கிடையாது, இடுப்பில் கத்தி கிடையாது. கோயிலில் தோளில் ஏறினால் ரோட்டோரத்தில் மாதா நிற்கும் சின்னக் குகைக் கோயிலான கெபி வரை நடுவில் இறக்கக் கூடாது, பேசக் கூடாது, யாரும் தொடவும் கூடாது. கெபியில் இறக்கிய பிறகுதான் பட்டை விலக்கிப் பாதத்தை முத்தமிடுவார்கள். வருடம் முழுக்க வெட்டிக்கொள்கிறவர்கள் அந்த ஒரு மணி நேரம் ஒரே கட்டைக்குக் கீழே நடப்பார்கள்.

சேர்ந்து தூக்குகிறவர்கள் சேர்ந்து பாடமாட்டார்களா என்று கேட்டார். தூக்கும்போது வாயைத் திறக்கக் கூடாது தம்பி, அதனால்தான் தூக்குகிறார்கள் என்றேன்.

மார்ச் 9

கித்தேரியான் செத்துப்போனான்.

விடிந்து சற்று நேரத்தில் வள்ளத்தில் கொண்டுவந்தார்கள். வலையை அறுத்த லாஞ்சின் மேல் இவன் ஏறியிருக்கிறான். கஸ்பார் மீன் குத்தும் சுளுக்கியை எடுத்துக் கழுத்துக்குக் கீழே செருகிவிட்டான். அதன் முள் பின்பக்கமாக மடங்கியிருக்கும், இழுத்தால் சதையோடு வரும். இழுத்திருக்கிறான். வள்ளத்தின் அடியில் கடல் தண்ணீரும் ரத்தமும் கலந்து, பிடித்த நாலு சாளை மீன் அதில் மிதந்தது.

கித்தேரியானின் அண்ணன் தொம்மை உடம்பைக் கரையில் கிடத்தி, தண்ணீர் மொண்டு மொண்டு கழுவினான். அழவில்லை. பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு விழுந்தார்கள். நான் எண்ணெய் பூசினேன். செத்தவனுக்குப் பூசக் கூடாது என்று சட்டம் தெரியும். பூசினேன்.

கஸ்பார் தலைமறைவு.

மார்ச் 10

அடக்கம் முடிந்தது. கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் போன பிறகும் தொம்மை நின்றான். நான் அவன் தோளில் கைவைத்தேன். அவன் குழியைப் பார்த்தபடியே சொன்னான்.

“பெரிய வெள்ளிக்குத் தோள் குடுக்க அவன் வருவாம்லா, சாமி.”

தொம்மை வீட்டுக்கும் ஆசந்தியில் ஒரு தோள் உண்டு. கஸ்பார் வீட்டுக்கும் ஒன்று.

மார்ச் 15

காலையில் தொம்மை வீட்டுக்குப் போனேன். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். சத்தியம் கேட்டேன். வெட்டமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல் என்று கெஞ்சினேன், ஆமாம், கெஞ்சினேன். நீங்க பூசைய நல்லா செய்யுங்க சாமி என்று மட்டும் சொன்னான்.

அங்கிருந்து ரெமிஜியுஸ் வீட்டுக்குப் போனேன். தம்பி எங்கே என்று கேட்கவில்லை, எங்கிருந்தாலும் பெரிய வெள்ளிக்கு ஊர்ப்பக்கம் வரவேண்டாம் என்று சொல்லச் சொன்னேன். அந்த மனிதன் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, தான் நின்றுகொண்டே பேசினான். முன்பக்க இடது தோள் அவன் அப்பன் தோள். இடுப்பு பிடித்துக்கொண்டதால் நாலு வருடம் முன்பு தம்பிக்கு விட்டுக்கொடுத்திருக்கிறான். அது காலியாகக் கிடந்தால் லாஞ்சுக்காரன் பயந்துவிட்டான் என்று வடக்குத்தெரு சிரிக்குமாம்.

சிரித்தால் சிரிக்கட்டுமே என்றேன். நீங்க ஊருக்குப் புதுசு சாமி என்றான்.

இந்தப் பங்கில் இன்னொரு பிணம் விழக் கூடாது. இந்தத் தவக்காலத்துக்கு ஆண்டவரிடம் நான் கேட்பது இது ஒன்றுதான்.

மார்ச் 18

கரையில் தெற்குத்தெரு வலைக்கூடம் எரிந்தது. பதிலுக்கு வடக்குத்தெருவில் நாட்டு வெடி. எறிய வந்தவன் கையிலேயே வெடித்துவிட்டது. மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றும் இல்லை. கஸ்மீர் தன் துண்டால் அதைக் கட்டி, வேனில் ஏற்றிக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனார். திரும்பி வந்தபோது அங்கி முழுக்க ரத்தம் காய்ந்து விறைத்திருந்தது. கிணற்றடியில் அதைத் துவைத்துக்கொண்டே புலம்பலின் மெட்டை முனகினார்.

எனக்குக் கோபம் வந்தது. ஊர் பற்றி எரிகிறது, உமக்கு என்ன பாட்டு என்று கத்தினேன். பாடாவிட்டால் அழுதுவிடுவேன் ஃபாதர் என்றார். நான் அறைக்குள் வந்துவிட்டேன்.

பாட்டுக் குழுவுக்கு ஒன்பது பேர் வந்தார்களாம். இரண்டு பக்கமாகப் பிரிந்து உட்கார்ந்து, ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டே பாடினார்களாம். புலம்பலுக்கு அந்த முறைப்பு பொருத்தமாகவே இருந்தது என்று பிலோமி சொல்கிறாள். அவளும் போய்க் கேட்டிருக்கிறாள்.

மார்ச் 27, குருத்து ஞாயிறு

பவனியில் ஒருவன் குருத்தோலைக்குள் அருவாள் செருகி வந்திருந்தான். பிடுங்கினேன். பிலோமி தேங்காய் வெட்ட எடுத்துக்கொண்டாள்.

மார்ச் 31, பெரிய வியாழன்

பாதம் கழுவும் சடங்குக்குப் பன்னிரண்டு பேரில் தொம்மையையும் உட்காரவைத்தேன். கழுவித் துடைத்து முத்தமிட்டேன். நிமிர்ந்து அவன் கண்ணைப் பார்த்தேன். அவன் என் தலைக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டிருந்தான்.

கஸ்பார் ஊருக்குள் வந்துவிட்டான் என்று பேச்சு. பயமெல்லாம் எனக்கு இல்லை. கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள் போடச் சொன்னது பூனைத் தொல்லைக்காக.

ஏப்ரல் 2, பெரிய சனி

நேற்று எழுத முடியவில்லை. இப்போதும் இடது கண் சரியாகத் திறக்கவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

ஆசந்தி தூக்குகிறவர்கள் பெரிய வெள்ளியன்று காலையில் கோயில் கிணற்றில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் விரதம் தொடங்குவார்கள். கஸ்பார் அதற்கு வந்தான். இடுப்பில் ஒரு துண்டு, கையில் வாளி. அதே கிணற்றுக்கு தொம்மையும் வந்தான். அவனுக்கும் அங்கே குளிக்க உரிமை உண்டு, யார் தடுக்க? தோளில் போட்டிருந்த துண்டுக்குள் அருவாள் இருந்திருக்கிறது.

சத்தம் கேட்டு நான் ஓடிப் போகும்போது கஸ்பார் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு வெட்டு கழுத்தில், ஒன்று கன்னத்தைப் பிளந்து பல் தெரிந்தது. அந்த நிலையிலும் அருவாளைப் பிடுங்கித் திருப்பி வீசினான். தொம்மையின் தோள்பட்டை கிழிந்தது. தொம்மை மறுபடி பிடுங்கினான். நான் நடுவில் விழுவதற்குள் மூன்றாவது வெட்டும் விழுந்துவிட்டது. கஸ்பார் சறுக்கி உட்கார்ந்தான். அவன் தலையை என் மடியில் வைத்துப் பாவமன்னிப்பு சொன்னேன். வாயைத் திறந்தான், ரத்தம்தான் வந்தது. கிணற்றடித் தண்ணீரெல்லாம் சிவந்து வாழைக்குப் போனது. என் பங்கில் இரண்டாவது பிணம், அதுவும் என் மடியில்.

தெற்குத்தெருவிலிருந்து கூட்டம் வரும் சத்தம் கேட்டது. தொம்மை அருவாளைப் போட்டுவிட்டுக் கோயிலுக்குள் ஓடினான். கஸ்மீர் பெரிய கதவை இழுத்துச் சாத்தி, அதற்கு வெளியே முதுகு கொடுத்து நின்றுவிட்டார். முட்டாள். உள்ளே நின்று தாழ் போட்டிருக்கலாம். துடுப்பால் வாயில் அடித்தார்கள், முன்பல் போயிற்று. விலாவில் மிதித்தார்கள். விழுந்தார், எழுந்தார், மறுபடி அதே இடத்தில் முதுகை வைத்தார். சாமியாரை அடித்துவிட்டோமே என்று அவர்களுக்கே கை தளர்ந்த பிறகுதான் நிறுத்தினார்கள். நான் கத்திய கெட்ட வார்த்தைகளை இங்கே எழுதவில்லை.

போலீசுக்குச் சொல்லலாம் என்றால் டெலிபோன் கம்பியை யாரோ அறுத்திருந்தார்கள். பிலோமி ஓடிப்போய்ப் பார்த்தாள். கெபிக்குப் பக்கத்தில் ரோட்டில் ஒரு ஜீப் நிற்கிறது, நாலு போலீஸ். ஊருக்குள் வர ஆள் பத்தாது, கூடுதல் படை வரட்டும் என்கிறார்களாம். கெபி வரை கொண்டுவந்து விட்டால் அழைத்துப் போகிறோம் என்றார்களாம். கோயிலுக்கும் கெபிக்கும் நடுவில் முழுத் தெற்குத்தெரு இருக்கிறது.

கஸ்பார் உடம்பை டவுனுக்கு அனுப்பிவிட்டு ரெமிஜியுஸ் கோயில் வாசலுக்கு வந்தான். வேட்டியில் தம்பியின் ரத்தம். கோயிலோடு சேர்த்துக் கொளுத்துவோம் என்று ஒருவன் மண்ணெண்ணெயோடு வந்தான், ரெமிஜியுஸ் அவன் கன்னத்தில் அறைந்தான். பிறகு என்னிடம் மெதுவாகவே பேசினான்.

“சாமி, ஆசந்தி போயே ஆவணும். வீட்டுல பொணம் கெடந்தாலும் எங்க தோள் வரும். தம்பி எடத்துல நான் நிக்கேன். ஆண்டவரு வாசப்படி தாண்டுத வரைக்கும் ஒருத்தனும் உள்ள வரமாட்டான். தாண்டுனதுக்குப் பொறவு கோயில் சாவிய எங்க பிள்ளைகட்ட குடுத்துருங்க.”

சரி என்று சொன்னேன்.

சக்ரீஸ்துக்குள், பூசை உடுப்பு வைக்கும் அந்தச் சின்ன அறையில், தொம்மை தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கஸ்மீர் பீடத் துணியைக் கிழித்துக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். அடுத்து நடந்ததற்கு யோசனை என்னுடையது என்று எழுதிவைக்க ஆசை. இல்லை. பேச முடியாமல் வாய் வீங்கியிருந்த கஸ்மீர், மூலையில் அலங்கரித்து வைத்திருந்த ஆசந்தியைக் கையால் காட்டினார். தொம்மையைக் காட்டினார். மறுபடி ஆசந்தியைக் காட்டினார்.

அந்த ஆளுக்குப் பைத்தியம் என்று நினைத்தேன். பிறகு கதவைத் தாழிட்டேன்.

பெரிய கதவைத் திறந்துவைத்து, வெளியே நின்ற எல்லார் முன்னாலும் சிலுவை இறக்கும் சடங்கை முறையாக முடித்து, ஆண்டவர் சுருபத்தைப் பட்டில் சுற்றி வழக்கம்போல உள்ளே கொண்டுவந்தோம். அங்கே அதை உடுப்பு அலமாரிக்குப் பின்னால் ஊதாத் துணிகளுக்கு அடியில் வைத்தோம். தொம்மை படுக்கமாட்டேன் என்றான்.

“ஆண்டவரு கெடக்குத எடத்துல நானா? என்னய வெளிய விட்டுருங்க சாமி. வெட்டிட்டுப் போவட்டும்.”

அறைந்தேன். பெரிய வெள்ளியன்று, அங்கியோடு, அடிபட்டவனை அறைந்தேன். “ஒரு நாளைக்கு ஒரு பொணம் போதும். படுல,” என்றேன். படுத்தான். முகத்தோடு மூடினேன்.

தொம்மையின் தோள் இல்லாததால் ஒரு இடம் காலி. அந்த இடத்தில் நான் நின்றேன். முன்பக்கம் வலது தோள் நான், இடது தோள் ரெமிஜியுஸ். எங்கள் முகத்துக்கு நடுவில் ஒரு முழம் கூட இருக்காது. தூக்கினோம். ரெமிஜியுஸ் நிதானித்து ஒரு முறை தோளை மாற்றி வைத்தான். இடுப்பு வலி என்று நினைத்துக்கொண்டேன். வாசற்படி தாண்டினோம், சாவி கைமாறியது. பின்னால் இளவட்டங்கள் கோயிலுக்குள் பாய்ந்தார்கள். பெஞ்சுகள் உடையும் சத்தம் கேட்டது.

கஸ்மீர் முன்னால் பாடிக்கொண்டு போனார். பல் இல்லாத வாய், எழுத்துப் பாதி காற்றாகப் போனது, தாடையில் ரத்தம் வழிந்தது. மகனே என்று மாதா அழும் இடத்தில் தெரு முழுக்கப் பெண்கள் கதறினார்கள். குலுங்கல் தாங்காமல் மேலே தொம்மை ஒருதரம் முனகினான். எனக்குக் கேட்டது. கஸ்மீருக்கும் கேட்டிருக்க வேண்டும், அந்த அடியை உச்சத்தில் எடுத்து அப்படியே நிறுத்திக்கொண்டார். குழுவின் ஒன்பது பேரும் இரண்டு பக்கமிருந்தும் சேர்ந்துகொண்டார்கள். அந்த மனிதருக்குப் பாடத் தெரியும். அதை ஒப்புக்கொள்கிறேன்.

கெபி கண்ணுக்குத் தெரியும்போது பின்னாலிருந்து ஒருவன் ஓடிவந்தான். ரெமிஜியுஸின் மைத்துனன். மூச்சு இரைக்க, ரெமிஜியுஸ் காதில் குனிந்து சொன்னான். நான் கேட்டேன். “ஆண்டவரு கோயிலுக்குள்ளதான் கெடக்காரு, மச்சான்.”

முடிந்தது என்று நினைத்தேன். என் கால்கள் நின்றுவிட்டன. ஆசந்தி சாய்ந்தது. ரெமிஜியுஸ் என்னைப் பார்க்கவில்லை. எதிரே கெபியைப் பார்த்தபடி, பேசக் கூடாத இடத்தில் ஒரே சொல் சொன்னான்.

“நடங்க.”

நடந்தோம். மைத்துனன் ஓரமாகத் திகைத்து நின்றுவிட்டான். கெபியில் இறக்கினோம். நான் பட்டை விலக்கினேன். தொம்மை எழுந்து உட்கார்ந்ததும் முன்னால் நின்ற பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அப்புறம் கல் பறந்தது. ஒன்று என் புருவத்தைப் பிளந்தது, ஒன்று ஜீப் கண்ணாடியை நொறுக்கியது. இரண்டு போலீஸ்காரர்கள் தொம்மையை இழுத்து ஜீப்பில் போட்டுக்கொண்டு பறந்தார்கள். உயிரோடு போனான்.

ரெமிஜியுஸ் காலி ஆசந்தியின் பக்கத்திலேயே நின்றான். அவனிடம் போக எனக்குத் துணிச்சல் வரவில்லை.

ஏப்ரல் 3, உயிர்ப்பு ஞாயிறு

பாதிக் கோயில் காலி. கஸ்மீர் படுக்கையில், இரண்டு விலா எலும்பு முறிவு. அல்லேலூயாவை நான் பாடினேன். ஒருவரும் சிரிக்கவில்லை. மத்தியானம் அவருக்குக் கஞ்சியை நானே ஊட்டினேன். பிலோமிக்கு வேலை இருந்தது.

ஏப்ரல் 4

கஸ்பார் அடக்கம். கித்தேரியான் குழிக்கு நாலு குழி தள்ளி. கூட்டத்தில் என் முகத்தில் துப்பினார்கள். துடைத்துவிட்டுக் குழியை மந்திரித்தேன்.

ஏப்ரல் 8

இன்று மத்தியானம் ரெமிஜியுஸ் எங்கள் சாமியார் பங்களாவுக்கு வந்தான். தனியாக. கஸ்மீர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தார், உட்காருங்க சாமி என்று கையமர்த்தினான். தெற்குத்தெரு இனி என் பூசைக்கு வராது என்று சொல்ல வந்திருக்கிறான், அல்லது என்னை மாற்றச் சொல்லி ஆயருக்கு எழுதப் போகிறான் என்று நினைத்தேன். இரண்டுக்கும் தயாராகத்தான் இருந்தேன். உன்னை ஏமாற்றினேன், நான் செய்தது தப்புதான், ஆனால் மறுபடியும் செய்வேன் என்றேன்.

“ஏமாத்துனியளா? வாசப்படி தாண்டயிலயே எனக்குத் தெரியும், சாமி. எத்தன வருசம் தூக்குனவன் நான். மரம் மூச்சு விடுமா?”

அப்படியானால் மைத்துனன் வந்து சொன்னபோது ஏன் இறக்கவில்லை என்று கஸ்மீர்தான் கேட்டார். பல் போன வாயில் கேள்வி பாதி சீட்டியாக வந்தது. ரெமிஜியுஸ் அவர் வாயைப் பார்த்தான். அந்தப் பல்லை உடைத்தவன் அவன் வீட்டுப் பையன் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

“நான் மன்னிச்சிட்டேன்னு மட்டும் பிரசங்கத்துல சொல்லிப்புடாதிய. மன்னிக்கல. அன்னைக்கு இடுப்புல கத்தி வச்சிருந்தேன், தோள் குடுக்கவன் வைக்கக் கூடாதுன்னு தெரிஞ்சேதான் வச்சிருந்தேன். தோள்ல இருக்கவனப் போடக் கூடாது. கெபியில எறக்குன ஒடனே குத்தணும். அப்படி நெனச்சிதான் நடந்தேன். எறக்கியாச்சி. அவன் கழுத்து என் கைக்கிட்ட இருந்துச்சி.”

வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தான். தம்பி செத்த அன்று அழாதவன், அடக்கத்தில் அழாதவன், என் மேசை முன்னால் நின்று அழுதான்.

“கை வரல சாமி. அவ்வளவு தூரம் சொமந்துட்டேம்லா.”

பிலோமியைக் கூப்பிட்டு மூன்று காப்பி போடச் சொன்னேன்.